இரட்டிப்பு நீக்கிய சேமிப்பகத்தில் காப்புநகல் தோல்விகள்

இரட்டிப்பு நீக்கிய சேமிப்பகம் என்பது, ஒரே தரவு பல கோப்புகளில் திரும்பத் திரும்ப வந்தாலும் அதை ஒரே ஒரு முறை மட்டும் வன்தட்டில் எழுதி வைக்கும் சேமிப்பு முறை ஆகும். கணினித் துறையில் இது டீடூப்ளிகேஷன் என்றும், சுருக்கமாக டீடப் என்றும் வழங்கப்படுகிறது. இத்தகைய சேமிப்பகத்திலிருந்து பேக்கப் எனப்படும் காப்புநகல் எடுக்கும்போதும், இத்தகைய சேமிப்பகத்தில் காப்புநகலை வைக்கும்போதும் சாதாரண வட்டுகளில் காணப்படாத சில கோளாறுகள் ஏற்படுகின்றன. அவற்றுள் சில உடனே பிழைச் செய்தியாகத் தெரிகின்றன. வேறு சில, காப்புநகலைத் திறந்து பார்க்கும் நாள் வரை தெரிவதில்லை. இக்கட்டுரை அக்கோளாறுகளின் காரணங்களையும், அவற்றைக் கண்டறிந்து சரிசெய்யும் வரிசையையும் விளக்குகிறது. பயன்பாட்டில் மிகுதியாக உள்ள வின்டோஸ் சர்வர் இயங்குதளமே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அடிப்படைக் கருத்து

பழைய கணக்குப் பேரேடுகளிலும் கிரயப் பத்திரங்களிலும் 'மேற்படி' என்ற சொல் அடிக்கடி வரும். முதல் வரியில் ஊர், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் விரிவாக எழுதப்பட்டிருக்கும். அடுத்த வரிகளில் 'மேற்படி சொத்து' என்று மட்டும் இருக்கும். இதனால் தாளும் மையும் மிச்சமாகின்றன. ஆனால் விவரம் எழுதப்பட்ட முதல் பக்கத்தைக் கறையான் அரித்துவிட்டால், பின்வரும் பக்கங்கள் முழுமையாக இருந்தும் பயனில்லை. எந்தச் சொத்து 'மேற்படி' என்பதை அவற்றைக் கொண்டு அறிய முடியாது.

இரட்டிப்பு நீக்கமும் இவ்வாறே செயல்படுகிறது. கோப்புகள் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் எனப்படும் அடையாள எண் கணக்கிடப்படுகிறது. இது மனிதருக்குக் கைரேகை போன்றது. அதே எண்ணுடைய துண்டு ஏற்கெனவே இருந்தால், புதிய துண்டு எழுதப்படுவதில்லை. பழைய துண்டின் இடத்தைச் சுட்டும் குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது. துண்டுகள் அனைத்தும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்து வைக்கப்படுகின்றன. பயனருக்கு நூறு கோப்புகள் தெரியும். உண்மையில் இருப்பவை ஒரு களஞ்சியமும் அதைச் சுட்டும் நூறு 'மேற்படி'களுமே.

காப்புநகல் தோல்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன. இரட்டிப்பு நீக்கிய இடத்தில் உள்ள பல நகல்கள், ஒன்றையொன்று சாராத பல நகல்கள் அல்ல.

வரலாறு

துண்டின் அடையாள எண்ணையே அதன் முகவரியாகக் கொள்ளும் முறைக்கு முன்னோடியாகக் கருதப்படுவது வென்டி என்னும் காப்பக அமைப்பு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷான் குவின்லன், ஷான் டோர்வர்ட் ஆகியோர் 2002ஆம் ஆண்டு இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். காப்புநகல்களுக்கென்றே இரட்டிப்பு நீக்கும் தனிக் கருவிகளை டேட்டா டொமைன் நிறுவனம் விற்பனை செய்தது. அந்நிறுவனத்தை 2009ஆம் ஆண்டு இஎம்சி நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையிலும் இவ்வசதி சேர்க்கப்பட்டது.

தனிக் கருவி வாங்க இயலாத சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இவ்வசதி பரவலாகக் கிடைத்தது வின்டோஸ் சர்வர் 2012 பதிப்பின் மூலம். கூடுதல் கட்டணமின்றி இயங்குதளத்துடனேயே வந்ததால், ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்களும் இதைப் பயன்படுத்த முடிந்தது.

கொங்கு வட்டாரத் தொழில்களும் திரும்பவரும் தரவும்

கோயம்புத்தூரின் பம்புசெட், மாவு அரைக்கும் கிரைண்டர், வார்ப்படத் தொழில்கள், திருப்பூரின் பின்னலாடை, கரூரின் வீட்டு உபயோகத் துணிகள், ஈரோடு மற்றும் சோமனூர்ப் பகுதி விசைத்தறி ஆகியவற்றின் கோப்புகள் இரட்டிப்பு நீக்கத்துக்கு ஏற்ற இயல்பு கொண்டவை. பம்பு ஒன்றின் வரைபடத்தில் ஒரு துளையின் அளவை மாற்றினால், முழு வரைபடமும் புதிய பெயரில் சேமிக்கப்படுகிறது. பனியன் ஒன்றின் அச்சு வடிவம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கோப்புறையில் படியெடுத்து வைக்கப்படுகிறது. கணக்குப் பிரிவில் டேலி தரவின் படிகள் தேதி வாரியாகக் குவிகின்றன.

பொது அலுவலகக் கோப்புகளில் 30 முதல் 50 விழுக்காடும், பலவகைக் கோப்புகள் கலந்த பகிர்வுப் பகுதிகளில் 50 முதல் 60 விழுக்காடும், மெய்நிகர்க் கணினிக் கோப்புகளில் 80 முதல் 95 விழுக்காடும் இடம் மிச்சமாகலாம் என்று மைக்ரோசாஃப்ட் குறிப்பிடுகிறது. இரண்டு வட்டு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்பதால், சிக்கனம் கருதும் நிறுவனங்கள் இதை விரும்புகின்றன. அந்த ஒரு வட்டின் மீது கூடும் பொறுப்பு, காப்புநகல் தோல்வியுறும்போதுதான் புலப்படுகிறது.

வின்டோஸ் சர்வரில் செயல்படும் முறை

வின்டோஸ் சர்வரில் கோப்பு முதலில் முழு வடிவிலேயே எழுதப்படுகிறது. பொதுப் பயன்பாட்டு அமைப்பில், மூன்று நாள் பழையதான கோப்புகள் மட்டும் பின்னர் எடுத்துக்கொள்ளப்பட்டு, 32 முதல் 128 கிலோபைட் வரையிலான துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. 32 கிலோபைட்டுக்குக் குறைந்த கோப்புகள் தொடப்படுவதில்லை. துண்டுகள் சுருக்கப்பட்டு, 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்னும் மறைந்த கோப்புறைக்குள் உள்ள களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. பழைய கோப்பு இருந்த இடத்தில் களஞ்சியத்தைச் சுட்டும் குறிப்பு மட்டும் எஞ்சுகிறது.

இதற்கான பணிகள் நான்கு வகைப்படும்.

சுருக்குதல்: புதிய கோப்புகளைத் துண்டாக்கிச் சேர்ப்பது. இயல்பு அமைப்பில் மணிக்கு ஒருமுறை நடைபெறும்.

கழிவு நீக்கம்: எந்தக் கோப்பும் சுட்டாத துண்டுகளை அகற்றுவது. இயல்பு அமைப்பில் சனிக்கிழமை அதிகாலை 2.35 மணிக்குத் தொடங்கும்.

சரிபார்ப்பு: துண்டுகள் பழுதின்றி உள்ளனவா எனப் பார்ப்பது. இயல்பு அமைப்பில் சனிக்கிழமை அதிகாலை 3.35 மணிக்குத் தொடங்கும்.

மீள்விரிப்பு: கோப்புகளைப் பழையபடி முழு வடிவுக்குக் கொண்டுவருவது. நிர்வாகி கட்டளையிட்டால் மட்டுமே நடைபெறும்.

நூறு முறைக்கு மேல் சுட்டப்படும் துண்டுகளுக்குக் கூடுதலாக ஒரு படி வைத்துக்கொள்ளும் பாதுகாப்பும் உண்டு. எனினும் அந்தப் படியும் அதே வட்டில்தான் இருக்கிறது.

தோல்விக்கான காரணங்கள்

இடக்கணக்குப் பிழை

மிகுதியாக நேரும் தோல்வி இதுவே. ஒரு வட்டுப் பகுதியில் உள்ள கோப்புகளின் கூட்டு அளவு 6 டெராபைட் என்றும், இரட்டிப்பு நீக்கிய பின் அவை வட்டில் அடைத்திருப்பது 2 டெராபைட் என்றும் கொள்வோம். காப்புநகலுக்கு 4 டெராபைட் வெளி வட்டு இணைக்கப்பட்டுள்ளது. வட்டுப் பகுதி முழுவதையும் அப்படியே படியெடுக்கும் முறையில் களஞ்சியமும் குறிப்புகளும் சேர்ந்து 2 டெராபைட்டாகவே செல்லும். இடம் போதும்.

குறிப்பிட்ட கோப்புறைகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் காப்புநகல் எடுத்தால், ஒவ்வொரு கோப்பும் விரிக்கப்பட்டு முழு வடிவில் படிக்கப்படும். அப்போது தேவைப்படுவது 6 டெராபைட். காப்புநகல் மென்பொருள் தானே சுருக்காவிட்டால், 4 டெராபைட் வட்டு பாதி வழியில் நிரம்பிப் பணி நின்றுவிடும். 'மூல வட்டில் 2 டெராபைட்தானே உள்ளது' என்று பார்ப்பவருக்கு இது புரியாத புதிராக இருக்கும். கோப்புறையின் பண்புகளில் காட்டப்படும் 'அளவு', 'வட்டில் அளவு' ஆகிய இரண்டையும் ஒப்பிட்டால் புதிர் விடுபடும்.

நேர மோதல்

இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரில் காப்புநகல் எடுக்க, ஷேடோ காப்பி எனப்படும் கணநேரப் படிமம் முதலில் உருவாக்கப்படுகிறது. படிமம் எடுத்த பின் வட்டில் மாறும் ஒவ்வொரு பகுதியின் பழைய நிலையும் தனி இடத்தில் பத்திரப்படுத்தப்படும். சுருக்குதலும் கழிவு நீக்கமும் வட்டில் பெரும் மாற்றங்களைச் செய்யும் பணிகள். காப்புநகல் நடக்கும் நேரத்திலேயே இவையும் நடந்தால், பழைய நிலையைக் காக்கும் இடம் நிரம்பி, படிமமே நீக்கப்பட்டுவிடும். காப்புநகலும் பாதியில் அறுந்துபோகும்.

வெள்ளிக்கிழமை இரவு முழுக் காப்புநகல் தொடங்கும்படி அமைத்துள்ள அலுவலகங்களில், அது சனி அதிகாலைக் கழிவு நீக்கத்தின் மீது மோத வாய்ப்பு அதிகம். வாரச் சம்பளம் சனிக்கிழமை பட்டுவாடா செய்யப்படும் தொழிற்கூடங்களுக்கு இது இரட்டைச் சங்கடம். சம்பளக் கணக்கு முடிக்க வேண்டிய நாளில், பிழை காட்டும் காப்புநகலும் மெதுவாக இயங்கும் சர்வரும் சேர்ந்து நிற்கும். பணிகளின் நேரத்தை மாற்றி அமைப்பதே இதற்குத் தீர்வு. வாராந்தர விடுமுறையான ஞாயிறன்று கழிவு நீக்கத்தை வைத்து, அது முடிந்த பின் முழுக் காப்புநகலை எடுப்பது பொருத்தமான ஏற்பாடு.

கழிவு நீக்கத்துக்குப் பின் எடுக்கப்படும் முதல் மாற்றக் காப்புநகல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பது இயல்பு. பயனர்கள் எதையும் மாற்றாவிட்டாலும், களஞ்சியத்துக்குள் துண்டுகள் இடம் மாறியிருப்பதே இதற்குக் காரணம்.

விடுபட்ட களஞ்சியம்

மறைந்த கோப்புறைகளைத் தவிர்க்கும்படி சில காப்புநகல் அமைப்புகளில் விதி எழுதப்பட்டிருக்கும். களஞ்சியம் அத்தகைய கோப்புறைக்குள் இருப்பதால் அதுவும் விடுபட்டுப்போகிறது. இரட்டிப்பு நீக்கத்தை அறியாத பழைய மென்பொருள் குறிப்புகளை மட்டும் படியெடுத்து, 'பணி வெற்றி' என்று அறிவிக்கும். கோப்புப் பெயர்கள், தேதிகள், அளவுகள் எல்லாம் சரியாகத் தெரியும். உள்ளடக்கம் மட்டும் இராது. மற்றத் தோல்விகள் பிழைச் செய்தி தருகின்றன. இது தருவதில்லை என்பதால், எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே.

பொருந்தாத மீட்பு இயந்திரம்

காப்புநகல் நல்ல நிலையில் இருந்தும், மீட்கும் கணினியில் இரட்டிப்பு நீக்க வசதி நிறுவப்படாவிட்டால் கோப்புகள் திறக்க மாட்டா. கணினியால் கோப்பை அணுக இயலவில்லை என்னும் பொருளில் 1920 என்ற பிழை எண் தோன்றும். பழுதான சர்வரின் வட்டைக் கழற்றிச் சாதாரண வின்டோஸ் மேசைக் கணினியில் இணைத்துப் பார்க்கும்போது வழக்கமாகக் காணப்படும் பிழை இது. வட்டு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடுவோரும் உண்டு. அதே பதிப்பு அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வின்டோஸ் சர்வரில் இவ்வசதியை நிறுவி வட்டை இணைத்தால் கோப்புகள் திறக்கும்.

காப்புநகல் வைக்கும் இடத்திலேயே இரட்டிப்பு நீக்கம்

மூல வட்டில் அல்லாமல், காப்புநகல் சேரும் வட்டில் இரட்டிப்பு நீக்கம் செய்வதும் வழக்கம். முப்பது நாள் காப்புநகல்களில் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருப்பதால் இடம் பெருமளவு மிச்சமாகும். இங்கு மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, புதிய காப்புநகல் முழு வடிவில் வந்து இறங்கிய பிறகே சுருக்கப்படுகிறது. எனவே குறைந்தது ஒரு முழுக் காப்புநகலுக்கான காலி இடம் எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மிகப்பெரிய கோப்புகள் எண்ணற்ற சிதறல்களாகும்போது என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் வரம்பு எட்டப்பட்டு, 665 என்ற பிழை எண்ணுடன் எழுதுதல் நின்றுவிடும். வட்டை முதலிலேயே பெரிய கோப்புப் பதிவு அமைப்புடனும் 64 கிலோபைட் அலகுடனும் வடிவமைத்தால் இதைத் தவிர்க்கலாம். வின்டோஸ் சர்வர் 2016 முதல் 1 டெராபைட் வரையிலான கோப்புகளுக்கு முழு ஆதரவு உள்ளது. அதற்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பாகக் காப்புநகல் அமையாமல் பிரித்து வைப்பது நல்லது.

மூன்றாவது, காப்புநகல் மென்பொருளே தரவை மறையாக்கம் செய்து அனுப்பினால் ஒரே தரவும் ஒவ்வொரு முறையும் வேறாகத் தோன்றும். இரட்டிப்பு எதுவும் அகப்படாது. வட்டு எதிர்பார்த்ததைவிட விரைவில் நிரம்பும்.

நினைவகப் பற்றாக்குறை

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி ஆகியவற்றில் இயங்கும் இசட்எஃப்எஸ் முறைமையில், எழுதும் நேரத்திலேயே இரட்டிப்பு நீக்கப்படுகிறது. இதற்கு அடையாள எண்களின் அட்டவணை முழுவதும் நினைவகத்தில் இருப்பது நல்லது. 1 டெராபைட் தரவு 64 கிலோபைட் துண்டுகளாக இருந்தால் சுமார் 1.68 கோடி துண்டுகள். துண்டுக்கு 320 பைட் எனக் கொண்டால் அட்டவணைக்கு மட்டும் 5 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். 10 டெராபைட் சேமிப்பகத்தை 16 ஜிகாபைட் நினைவகத்துடன் இயக்கினால், அட்டவணையை வட்டிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்க நேர்ந்து, இரவுக்குள் முடிய வேண்டிய காப்புநகல் மறுநாளும் முடியாது.

களஞ்சியப் பழுது

வட்டின் தேய்மானம், ரெய்டு கட்டுப்பாட்டு அட்டைக் கோளாறு, எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போவது ஆகியவற்றால் துண்டுகள் பழுதாகலாம். சாதாரண வட்டில் ஒரு பகுதி பழுதானால் ஒரு கோப்பு கெடும். களஞ்சியத்தில் ஒரு துண்டு பழுதானால் அதைச் சுட்டும் எல்லாக் கோப்புகளும் கெடும். 2012ஆம் ஆண்டையொட்டிய மின்தட்டுப்பாட்டுக் காலத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்கள் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டைச் சந்தித்தன. அந்நிலை மாறிவிட்டாலும், யூபிஎஸ் பேட்டரி பழுதின்றி இருப்பதும், பேட்டரி தீரும் முன் சர்வர் தானே முறையாக நிற்கும்படி அமைப்பதும் இத்தகைய சேமிப்பகத்துக்கு இன்றியமையாதவை.

பிணைத்தொகை நச்சுநிரல்

ரான்சம்வேர் எனப்படும் பிணைத்தொகை நச்சுநிரல் கோப்புகளை மறையாக்கம் செய்கிறது. மறையாக்கப்பட்ட கோப்புகளில் ஒன்றுபோன்ற துண்டுகள் இரா. அதனால் அதுவரை 2 டெராபைட்டில் அடங்கியிருந்த தரவு 6 டெராபைட்டை நோக்கி வீங்கத் தொடங்கும். வட்டு நிரம்பி, 'இடம் போதவில்லை' என்று காப்புநகல் நின்றுபோவதே தாக்குதலின் முதல் அறிகுறியாகவும் அமையலாம். எனவே சேமிப்பு விகிதம் காரணமின்றித் திடீரெனச் சரிந்தால், இடத்தைக் கூட்டும் முன் சர்வரை வலைப்பின்னலிலிருந்து துண்டித்துக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். அவசரத்தில் பழைய காப்புநகல்களை அழித்து இடம் உண்டாக்குவது, எஞ்சியிருக்கும் நல்ல நகலையும் இழக்கச் செய்யும்.

பழுதறியும் வரிசை

தோல்வி ஏற்பட்டவுடன் பின்வரும் வரிசையில் ஆராய்வது நேரத்தையும் தரவையும் காக்கும்.

1. கடைசியாக வெற்றி பெற்ற காப்புநகலின் தேதியைக் குறித்துக்கொண்டு, அது தானாக அழிக்கப்படாதபடி நிறுத்திவைக்க வேண்டும்.

2. பணி எந்தக் கட்டத்தில் நின்றது எனப் பார்க்க வேண்டும். படிமம் உருவாக்கும்போது நின்றால் ஷேடோ காப்பிச் சிக்கல், படிக்கும்போது நின்றால் மூல வட்டுச் சிக்கல், எழுதும்போது நின்றால் சேரும் வட்டுச் சிக்கல் என முதல் ஊகம் கொள்ளலாம்.

3. மூல வட்டு, சேரும் வட்டு, ஷேடோ காப்பிக்கு ஒதுக்கிய இடம் ஆகிய மூன்றிலும் காலி இடத்தைப் பார்க்க வேண்டும்.

4. பவர்ஷெல்லில் 'கெட்-டீடப்ஸ்டேட்டஸ்' கட்டளை மூலம் சேமிப்பு விகிதத்தையும், கடைசியாக நடந்த பணிகளின் முடிவையும் அறிய வேண்டும். விகிதம் சரிந்திருந்தால் நச்சுநிரல் சோதனைக்கு முதலிடம் தர வேண்டும்.

5. 'கெட்-டீடப்ஜாப்' கட்டளை மூலம் காப்புநகல் நேரத்தில் வேறு பணி ஓடுகிறதா எனப் பார்க்க வேண்டும்.

6. 'விஎஸ்எஸ்அட்மின்' கட்டளையால் படிமம் எழுதும் கூறுகளின் நிலையைச் சோதிக்க வேண்டும். ஏதேனும் ஒன்று தோல்வி நிலையில் இருந்தால் அதற்குரிய சேவையை மீண்டும் தொடங்க வேண்டும்.

7. நிகழ்வுப் பதிவேட்டில் டீடூப்ளிகேஷன் பிரிவையும் வட்டுப் பிரிவையும் ஒருசேரப் படிக்க வேண்டும். வட்டுப் பிழைகள் காணப்பட்டால், மேற்கொண்டு எந்தப் பணியையும் ஓடவிடாமல், திறக்கக்கூடிய முக்கியக் கோப்புகளை முதலில் வேறு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும்.

8. வட்டு நலமாக இருந்தால் முழுச் சரிபார்ப்புப் பணியை ஓடவிட வேண்டும். பழுதான கோப்புகளின் பட்டியல் பதிவேட்டில் கிடைக்கும். அவற்றைப் பழைய காப்புநகலிலிருந்து மீட்க வேண்டும்.

9. சரிசெய்த பின் ஒரு முழுக் காப்புநகல் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளை வேறு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இது முடியும் வரை பழுது நீங்கியதாகக் கொள்ளக் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' கோப்புறை மிகுந்த இடத்தை அடைப்பதைக் கண்டு, அதைத் தேவையற்ற குப்பை எனக் கருதி அழிப்பது மீளாத இழப்பை உண்டாக்கும். அங்கு இருப்பதுதான் தரவு. வெளியே தெரிபவை குறிப்புகள் மட்டுமே.

இரட்டிப்பு நீக்கத்தை முடக்கினால் கோப்புகள் தாமே விரிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. முடக்குவதால் புதிய கோப்புகள் சுருக்கப்படாமல் போகுமே தவிர, பழையவை அப்படியே இருக்கும். அவற்றை விரிக்க மீள்விரிப்புப் பணி தேவை. அதற்கு முழு அளவுக்கான இடமும் தேவை. மீள்விரிப்புக்கு முன் இவ்வசதியையே சர்வரிலிருந்து நீக்கிவிட்டால், மீண்டும் நிறுவும் வரை கோப்புகள் திறக்கா.

முப்பது நாள் காப்புநகல்கள் ஒரே இரட்டிப்பு நீக்கிய வட்டில் இருப்பதை முப்பது நகல்களாக எண்ணக் கூடாது. ஒரு துண்டு பழுதானால் முப்பதும் ஒருசேரக் கெடக்கூடும். பாதுகாப்புக் கணக்கில் அது ஒரு நகலே.

படிப்பினை தரும் நிகழ்வுகள்

பின்வரும் நிகழ்வுகள் இரட்டிப்பு நீக்கத்தால் விளைந்தவை அல்ல. எனினும் காப்புநகல் எங்கு, எப்படி இருந்தது என்பதே ஒவ்வொன்றிலும் முடிவைத் தீர்மானித்தது.

2017ஆம் ஆண்டு சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்தார். அன்றாடக் காப்புநகல் மென்பொருள், தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் பல நாட்களாகத் தோல்வியுற்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் சென்று சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு படிமத்தால் பெருமளவு தரவு மீண்டது.

2022ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் நச்சுநிரலால் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு மறையாக்கப்பட்டது. நோயாளிகள் பதிவு முதல் பல பணிகள் கையால் எழுதி நடத்தப்பட்டன. தாக்குதலுக்கு உள்ளாகாத ஒரு காப்புநகல் சர்வர் இருந்ததால் அதிலிருந்து தரவு மீட்கப்பட்டது.

2023ஆம் ஆண்டு ஆகத்து மாத இறுதியில் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவை இதேபோன்ற தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 அரசு மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகத்து 26 வரையிலான காலத்துக்குத் தனிக் காப்புநகல் இல்லாததால், அந்த மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் மீளவில்லை.

எய்ம்ஸுக்கும் இலங்கைக்கும் உள்ள வேறுபாடு, தாக்குதல் எட்டாத இடத்தில் ஒரு நகல் இருந்ததா இல்லையா என்பதுதான்.

3-2-1 விதி

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவலாக்கிய 3-2-1 விதி இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. தரவுக்கு மூன்று நகல்கள், இரண்டு வேறு வகைச் சேமிப்புகள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்பது அவ்விதி. இரட்டிப்பு நீக்கம் பயன்படும் இடங்களில், மூன்றில் குறைந்தது ஒரு நகலாவது முழு வடிவில், இரட்டிப்பு நீக்கப்படாத வட்டில், பயன்பாட்டில் இல்லாத நேரத்தில் இணைப்புத் துண்டிக்கப்பட்டு இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்வது தகும். சிறு நிறுவனத்துக்கு இதன் செலவு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரண்டு வெளி வட்டுகள் மட்டுமே. ஒன்று சர்வர் இருக்கும் கட்டடத்தில் இராமல் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை, கடந்த மாதத்தின் ஒரு பில், ஒரு வரைபடம், ஒரு சம்பளப் பட்டியல் என மூன்று கோப்புகளை மீட்டுத் திறந்து, தேதியுடன் ஒரு நோட்டில் குறித்து வைப்பது எளிய சோதனை. இதற்கு அரை மணி நேரம் கூட ஆகாது. சர்வரைப் பராமரிப்பவர் வெளியாளாக இருந்தாலும், மீட்ட கோப்பைத் திறந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியவர் அக்கோப்பை அன்றாடம் கையாளும் கணக்கரோ வரைவாளரோதான். பெயரும் அளவும் சரியாக இருந்து உள்ளடக்கம் இல்லாத கோப்பை அவரால்தான் உடனே கண்டுபிடிக்க முடியும்.

சட்டக் கடமைகள்

இந்தியாவில் காப்புநகல் விருப்பத்தைப் பொறுத்தது மட்டும் அன்று. கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற நிறுவனங்கள் மின்னணு வடிவில் வைத்துள்ள கணக்குப் புத்தகங்களின் காப்புநகலை, இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் அன்றாடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு ஆகத்து மாதம் விதி திருத்தப்பட்டது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். நச்சுநிரல் தாக்குதல் போன்ற நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று ஆணையிட்டது.

இக்கடமைகள் திறக்கக்கூடிய கணக்குகளையே குறிக்கின்றன. காப்புநகல் மென்பொருள் நாள்தோறும் காட்டும் 'வெற்றி' என்ற செய்தி, பணி ஓடி முடிந்தது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. தரவு மீளும் என்பதற்கு, மீட்டுத் திறந்து பார்த்த ஒரு கோப்பே சான்று.